படுத்தால் சரியாகும் வலி

பிப்ரவரி 11

அண்ணன் மனைவிக்கு,

உங்களோடு இனிப் பேசமாட்டேன் என்றுதான் அன்று சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் நான் இறங்கி வந்துவிட்டதாக அண்ணனிடம் சொல்லிச் சிரிக்க வேண்டாம்.

பென்சிலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மல்லாந்து படுத்து, அட்டையை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். பேனா நாலு வரியில் மூச்சை நிறுத்திவிடுகிறது. போனை அப்படிப் பிடித்தால் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. இரண்டு தடவை மூக்கின் மேல் விழுந்தும்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பணிமனையில் பஸ்ஸைப் பின்னால் எடுக்க உடம்பை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். முதுகின் நடுவில் ஏதோ ‘பட்’டென்றது. வலிக்கவில்லை. சட்டைப் பட்டன் தெறித்துவிட்டதோ என்று தடவிக்கூடப் பார்த்தேன். அன்று சாயங்காலம் கடைசி நிறுத்தத்துக்குப் போவதற்குள், பின்மண்டையை யாரோ இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுப்பதுபோல ஒரு வலி. வீட்டுக்கு வந்து படுத்தேன். கொஞ்ச நேரத்தில் துடைத்துவிட்டதுபோல் போய்விட்டது. அப்பாடா என்று எழுந்தேன். வந்துவிட்டது. அன்றிலிருந்து இதே கதைதான். படுத்திருந்தால் நான் நல்ல மனுஷி. எழுந்தால் குமட்டல், காது அடைப்பு, எதிரே நிற்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

இதை வெளியே சொன்னால் என்ன ஆகும்? மேனேஜர் கேட்டார்: “படுத்தா சரியாப் போற வியாதியாம்மா? அது எனக்கும் இருக்கு. தினமும் காலையில அலாரம் அடிக்கும்போது வருது.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வண்டிக் கண்டக்டர் சில்லறை மட்டும் சிரிக்கவில்லை. (அவருக்கு இப்போது அதுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் பணிமனையில் யாருக்கும் தெரியாது.)

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். “மூளையும் அதன் உறைகளும் இயல்பு” என்று வந்தது. “வீட்டுல ஏதாவது டென்ஷனா?” என்றார் டாக்டர். “உங்களைப் பாத்ததுலேர்ந்துதான் சார்” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அம்மா வேலையை விட்டுவிடச் சொல்கிறாள். அண்ணன் போனில், “ஸ்கூல் படிக்கும்போதே பரீட்சைன்னா உனக்குத் தலை வலிக்குமே” என்றான்.

ஆக ஒருவரும் நம்பவில்லை. உங்களுக்கு என்னைப் பிடிக்காது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என் மனசு குளிர வேண்டும் என்று நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள். அந்த ரிப்போர்ட்டில் ‘உறைகள்’ என்று பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. உங்கள் லேபில் அதைத்தானே மெஷினில் மாட்டி இழுத்துப் பார்க்கிறீர்கள்? எனக்கு ஒரே கேள்வி. உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு, அடிபடாமல் விழாமல், அந்த உறை தானாகக் கிழியுமா? கிழியும், கிழியாது, ஒரு வார்த்தை போதும். அனுதாபம் வேண்டாம். அது அம்மாவிடமே நிறைய இருக்கிறது.

உங்கள் கணவரின் தங்கை


பிப்ரவரி 18

நாத்தனாருக்கு,

கிழியும்.

நீ கேட்ட ஒரு வார்த்தை அது. இத்தோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். “செத்தவங்க தலையைத் தொட்ட கையால எனக்குப் பரிமாறாதீங்க” என்று, இரண்டு வருஷத்துக்கு முன்னால், சாப்பாட்டு மேஜையில், உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னவள் நீ. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனவள் நான். அதை மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. நினைவில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இனி உறை. மூளைக்கு மூன்று உறைகள். உள்ளே இருப்பது மூளையின் மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். வெங்காயச் சருகைவிட மெல்லியது. நடுவில் இருப்பது சிலந்திவலை மாதிரி. வெளியே இருப்பதுதான் பலசாலி. ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூடப் பெரும்பாலும் இருக்காது. அதிலிருந்து விரல் அகலத்துக்குச் சின்னப் பட்டையாக வெட்டி, உப்புநீரில் நனைத்து, மெஷினில் இரண்டு பக்கமும் கவ்வ வைத்து இழுக்கிறோம். ஈரத்தில் வழுக்கும் என்று கவ்விக்குள் உப்புத்தாள் ஒட்டியிருக்கிறோம். முதலில் சும்மா இழுத்த இழுப்புக்கு வரும். உள்ளே சுருண்டு கிடக்கும் நார்கள் நிமிர்கிற வரைக்கும். நிமிர்ந்த பிறகு அதன் பிடிவாதம் ஆரம்பிக்கும்.

இந்த உறை மண்டையோடு நின்றுவிடுவதில்லை. கழுத்து வழியாக இறங்கி, முதுகெலும்புக்குள் தண்டுவடத்தைச் சுற்றி நீளமான குழாயாகப் போகிறது. அங்கே அதன் நார்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. நீளவாக்கில் இழுத்தால் லேசில் மசியாது. குறுக்குவாக்கில் அதே உறைக்கு அவ்வளவு பலம் இல்லை. முதுகெலும்பில் முள் மாதிரி ஒரு சின்ன எலும்புத் துருத்தல் இருந்து, அது உரசிக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு திரும்பலில் நார்கள் விலகி நீளமாக வாய் திறந்துவிடலாம். கிழிவது முதுகில். வலிப்பது தலையில்.

ஏனென்றால் உறைக்குள் தண்ணீர்போல் ஒரு திரவம் இருக்கிறது. மூளை அதில் மிதக்கிறது. வெளியே எடுத்து எடை போட்டால் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். மிதக்கும்போது ஐம்பது கிராம் பாரம்தான். திரவம் ஒழுகினால் மிதப்பு போய்விடும். நீ எழுந்து நின்றால் மூளை கீழே சரியும். மூளைக்கு வலி தெரியாது. உறைக்குத் தெரியும், இழுபடுவது அதுதான். படுத்தால் இழுப்பு நிற்கும். உன் மேனேஜருக்குக் காலையில் வருகிற வியாதி வேறு.

நான் டாக்டர் இல்லை. உனக்கு இதுதான் என்று சொல்லவில்லை. இப்படி ஆகலாம் என்றுதான் சொல்கிறேன். தலையில் மட்டும் தேடியிருக்கிறார்கள். இந்த ஒழுக்கு உள்ள சிலருக்குத் தலை ஸ்கேனில் ஒன்றுமே தெரியாது. முதுகு முழுக்கப் பார்க்கச் சொல். அதுவரை குனியாதே, கனத்தைத் தூக்காதே.

அண்ணி என்று கையெழுத்துப் போட எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. அதனால் போடவில்லை.


மார்ச் 4

அண்ணிக்கு,

உரிமை பற்றி எழுதியிருந்தீர்கள். அது என்னையறியாமலே முடிவாகிவிட்டது. டாக்டரிடம் முதுகுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். “நெட்ல படிச்சீங்களா?” என்றார். “இல்ல சார், எங்க அண்ணி சொன்னாங்க” என்று வாயில் வந்துவிட்டது. “அண்ணி டாக்டரா?” “இல்ல சார். ஆனா உறையைக் கையில தொட்டவங்க. நீங்க தொட்டிருக்கீங்களா?” அதோடு என்னை வெளியே அனுப்பிவிட்டார். வலி மாத்திரை எழுதித் தந்தார். மனநல மருத்துவரைப் பார்க்கவும் எழுதினார். போனேன். அந்த அம்மா என்னைச் சோபாவில் படுக்கவைத்துப் பேசினார்கள். படுத்திருந்ததால் மணியாகப் பேசினேன். “உங்களுக்கு ஒண்ணும் இல்லையேம்மா” என்று சந்தோஷமாக அனுப்பிவைத்தார்கள்!

இப்போது அதைவிடப் பெரிய வேடிக்கை. உடம்பு சரியில்லாததுபோல் நடித்து வேலைக்கு வராமல் இருக்கிறேன் என்று நிர்வாகம் என்மேல் குற்றம் சாட்டியிருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி விசாரணை. நேரில் வர வேண்டுமாம். நீங்களே சொல்லுங்கள்: போய் நாற்காலியில் உட்கார்ந்தால், ‘பார், உட்கார முடிகிறதே’ என்பார்கள். போகாவிட்டால், ‘பயந்துகொண்டு வரவில்லை’ என்பார்கள். எப்படிப் போட்டாலும் நான் ஏமாற்றுக்காரி.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எழுதிக் குடுத்துட்டு வந்துடும்மா, மானத்தோட போயிடலாம்” என்கிறாள். மானம் போவது வேலையை விடுவதால் இல்லை அண்ணி. பொய்க்காரி என்று ஒருவன் சொல்லி, நான் தலையைக் குனிந்துகொண்டு போனால்தான் போகும். ஆறு வருஷமாக ஒன்பதாம் நம்பர் வண்டி ஓட்டுகிறேன். காய்ச்சலோடு ஓட்டியிருக்கிறேன். கல்யாணம் வேண்டாம் என்றபோது கேட்ட பேச்சை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். நான் போவேன். எப்படிப் போவது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

உங்கள் லேப் பெயர் போட்ட தாளில், உறை இப்படிக் கிழியும் என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அதுதான் வேண்டும்.

சாப்பாட்டு மேஜையில் சொன்னதைப் பற்றி. ஆமாம், சொன்னேன். இப்போது உங்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டால் அது மன்னிப்பு இல்லை, லஞ்சம். அதனால் கேட்க மாட்டேன்.

ஒன்பதாம் நம்பர் வண்டி டிரைவர்


மார்ச் 13

நாத்தனாருக்கு,

காகிதம் தர மாட்டேன்.

கோபப்படும் முன் மீதியையும் படி. எங்கள் லேப் தலைவரிடம் கேட்டேன். “நம்ம வேலை இழுத்துப் பாக்கிறது. வைத்தியம் பாக்கிறது இல்ல” என்றார். அவருக்குப் பயந்து மறுக்கவில்லை. நான் இழுத்துப் பார்த்த உறைகளில் பெரும்பாலானவை அறுபது வயதைத் தாண்டியவர்களுடையவை. எல்லாம் குளிரில் வைத்து எடுத்தவை. எல்லாம் தட்டையாக வெட்டியவை. உன் முதுகுக்குள் வளைந்து, வெதுவெதுப்பாக, உள்ளிருந்து திரவம் அழுத்திக்கொண்டிருக்கிற ஓர் உறையை நான் ஒருநாளும் அளந்ததில்லை. அளக்காத ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போட்டால், பார்க்காமலே ‘டென்ஷன்’ என்று எழுதிய உன் டாக்டருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

வேறொன்று செய்தேன். எங்களுக்கு உறை தந்து உதவும் மருத்துவமனையில் தண்டுவட அறுவை செய்யும் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். தலைவர் வேண்டாம் என்று சொல்லியும், அந்த டாக்டரம்மாவுக்கே போன் செய்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள், “அந்தப் பொண்ண உக்கார வைக்காதீங்க” என்றார். ஏப்ரல் முதல் வாரத்தில் படுக்கை தருகிறார். அதற்குள் இங்கே வந்துவிடு.

இந்த வீட்டிலும் ஒரு சண்டை நடந்தது. “அவளுக்கு இடம் குடுக்காதே. உனக்குத்தான் அவ யாருன்னு தெரியும்ல?” என்றார் உன் அண்ணன். தெரியும் என்றேன். “அவ எதையும் நேருக்கு நேரா சொல்றவ. அது எனக்கு வலிச்சிருக்கு. ஆனா பொய்யா இருந்ததில்ல” என்றேன். அதன் பிறகு அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். போகட்டும். பசித்தால் வருவார்.

விசாரணைக்குப் போகாதே. இதை அதட்டியே சொல்கிறேன். மூளை கீழே சரியும்போது, அதற்கும் உறைக்கும் நடுவே பாலம்போலப் போகிற மெல்லிய இரத்தக் குழாய்களும் இழுபடும். அவை உறையைப்போல் பிடிவாதக்காரர்கள் இல்லை. அறுந்தால் உறைக்குக் கீழே இரத்தம் தேங்கும். அதற்கு ஓர் அடையாளம் உண்டு: படுத்தாலும் வலி நிற்காது. அந்த நிலைமைக்கு உன்னைக் கொண்டுபோய் விட்டுக்கொள்ளாதே. வேலை போனால் வேறு வேலை.

அண்ணி


மார்ச் 30

அண்ணிக்கு,

போனேன்.

திட்டிக்கொண்டே படியுங்கள், பரவாயில்லை. வாடகை வண்டியின் பின்சீட்டில் படுத்துக்கொண்டு போனேன். ஆபீஸ் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. ஒரு மாடி ஏறியதும் நடைபாதையில் கொஞ்சம் படுத்து, அப்புறம் அடுத்த மாடி. சில்லறை என் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். எதிரே வந்த ஒவ்வொருவரிடமும், “வழி விடுங்க, வழி விடுங்க, உள்ள போங்க” என்று பஸ்ஸில் சொல்வதுபோலவே சொன்னார்.

உள்ளே நீள மேஜை. அந்தப் பக்கம் மூன்று பேர்: விசாரணை அதிகாரி, நம் மேனேஜர், கம்பெனி டாக்டர். இந்தப் பக்கம் எனக்கு ஒரு நாற்காலி. அதைத் தள்ளிவிட்டு, பாயை விரித்துப் படுத்துவிட்டேன்.

“என்னம்மா இது? இது ஆபீஸ். எழுந்து உக்காருங்க” என்றார் அதிகாரி.

“உக்காந்தா பேச்சு வராது சார். உங்களுக்கு நான் உக்கார்றது வேணுமா, பதில் வேணுமா?”

மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு நான் தெரியவில்லை. எட்டிப் பார்த்தார். சரியாகத் தெரியாமல் எழுந்து நின்றார். அவர் நின்றதும் மற்ற இரண்டு பேரும் மரியாதைக்கு எழுந்தார்கள். நான் படுத்திருந்தேன், மூன்று அதிகாரிகளும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆறு வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

மேனேஜர், “நாடகம் சார் இது” என்றார்.

“நாடகம்னா டிக்கெட் வாங்காம பாக்காதீங்க சார்” என்றேன். சில்லறை வாசலில் நின்றுகொண்டு இருமினார். “சார், சும்மா வாய்ப் பேச்சு எதுக்கு? இப்ப எழுந்து அந்த நாற்காலியில உக்கார்றேன். நீங்க கேள்வி கேட்டுக்கிட்டே இருங்க. நான் எதுவரைக்கும் பதில் சொல்றேன்னு டாக்டர் சார் பாக்கட்டும்.”

எழுந்து உட்கார்ந்தேன். பேர் கேட்டார், பணியில் சேர்ந்த வருஷம் கேட்டார், சொன்னேன். வண்டி நம்பர் கேட்டார், சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் கிணற்றுக்குள் போய்விட்டது. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அப்புறம் மேனேஜரின் பக்கமாக வாந்தி எடுத்தேன். வேண்டுமென்றே இல்லை அண்ணி, சத்தியமாக. ஆனால் வருத்தமும் இல்லை.

கண் திறந்தபோது பாயில் கிடந்தேன். கம்பெனி டாக்டர் தரையில் மண்டியிட்டு என் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். “ஸ்கேன் தலைக்கு மட்டுந்தானே எடுத்தாங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மேனேஜரைப் பார்க்காமல், “இது முடியற வரைக்கும் ஒண்ணும் முடிவு பண்ண முடியாது சார்” என்று அதிகாரியிடம் சொன்னார். விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஏமாற்றுக்காரி என்று இன்னும் யாராலும் எழுத முடியவில்லை. அதற்காகப் போனேன். அது ஆயிற்று.

நேற்றிலிருந்து ஒன்று. படுத்தாலும் வலி முழுசாகப் போவதில்லை. இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் பென்சில் மூன்று தடவை விரலிலிருந்து நழுவிவிட்டது. வலது கைதான். தூக்கமாக வருகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களிடம் மறைத்தால் அரைகுறை ஆகிவிடும். அதனால் சொல்கிறேன்.


ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கப்போகிறவர் உன் அண்ணன். கார் கீழே நிற்கிறது. பின்சீட்டை மடக்கி மெத்தை போட்டிருக்கிறேன். அத்தையிடம் போனில் எல்லாம் சொல்லிவிட்டேன். அழுதார்கள், அழுதுகொண்டே உன் துணிகளை எடுத்து வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா வாசலில் ஆள் நிறுத்திக் காத்திருக்கிறார். நானும் அங்கேதான் இருப்பேன்.

உன் அண்ணனிடம் நான் கெஞ்சவில்லை. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். போகப்போகக் கோணிக்கொண்டு போகிற எழுத்தைப் பார்த்தார். “இது அவ எழுத்து இல்லையே” என்றார். “அவ எழுத்துதான்” என்றேன். சாவியை எடுத்துக்கொண்டார்.

வழியில் அவர் உன்னிடம் ஏதாவது பேச முயற்சி செய்வார். பதில் சொல்லி உன்னைக் களைப்பாக்கிக்கொள்ளாதே. சண்டை போட உனக்கு வேறு நல்ல நாள் கிடைக்கும்.

எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் ஏறு. இந்த ஒரு தடவை மட்டும்.

அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். பேனாவில்.

ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். தையல் போட்ட இடம் மழைக்காற்றில் இழுக்கிறது, அவ்வளவுதான். மொட்டைமாடி வரை ஏறி இறங்குகிறேன். அம்மா பின்னாலேயே வருகிறாள், நான் விழுந்தால் பிடித்துவிடுவதுபோல. அவள் என் தோள் உயரம்கூட இல்லை.

தலைக்குள் தேங்கிய இரத்தம் மெல்லிய படலமாகத்தான் இருந்தது, துளை போடாமலே கரைந்துவிட்டது என்று அன்று சொன்னார்களே, அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று இப்போதுதான் புரிகிறது. அறுவைக்கு முன்னால் டாக்டரம்மா முதுகுப் படத்தைக் காட்டி, “இதோ பாருங்க, அரிசிமுனை மாதிரி ஒரு எலும்பு. அதுக்கு நேரா கீறல். நீளமா. உங்க அண்ணி போன்ல சொன்ன மாதிரியே” என்றபோது, நான் உங்களைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதுவிட்டால் உங்களுக்கு இளப்பமாகிவிடும் என்றுதான். நீங்களும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதை அண்ணன் சொன்னான்.

பேசமாட்டேன் என்று சொன்னதை ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் விடாமல் காப்பாற்றினேன்; நீங்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன், கைகாட்டினேன். அறுவை முடிந்து மயக்கம் தெளியும்போது வாயைத் திறந்து, “அண்ணி, தாகமா இருக்கு” என்றேனாம். எனக்கு நினைவில்லை. நினைவில்லாமல் செய்தது கணக்கில் வராது என்று வாதாடலாம். வாதாடவில்லை.

இப்போது உங்களிடமிருந்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அதனால் சொல்கிறேன். அன்று சாப்பாட்டு மேஜையில் நான் சொன்னது தப்பு. பயத்தில் சொன்னேன் என்றோ, விளையாட்டாகச் சொன்னேன் என்றோ பூசி மெழுக மாட்டேன். அண்ணன் உங்களைப் பார்த்த பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்கு எங்கே வலிக்கும் என்று தேடித்தான் சொன்னேன்.

நிர்வாகத்தின் சார்பில் மேனேஜரே வீட்டுக்கு வந்தார். விசாரணையை ‘முடித்துவிடுகிறார்களாம்’. எனக்கு டிக்கெட் கவுண்ட்டரில் நாற்காலி வேலையாம். “இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் வண்டியெல்லாம் எதுக்கும்மா?” என்றார் மேனேஜர், ரொம்பக் கனிவாக. கிண்டல் செய்தபோதுகூட இவ்வளவு எரியவில்லை. “முடிக்கிறது வேற, குற்றம் தப்புன்னு எழுதறது வேற சார். நீங்க முதல்ல எழுதுங்க. அப்புறம் நான் எங்க உக்கார்றதுன்னு டாக்டரம்மா சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க” என்று அனுப்பிவிட்டேன்.

உங்கள் தலைவர் என்ன சொன்னார்? ஆஸ்பத்திரியில் ஒருநாள் நீங்கள் முகம் வாடி வந்தீர்களே. மறைக்காமல் எழுதுங்கள்.


ஜூன் 20

நாத்தனாருக்கு,

உன் மன்னிப்பு வந்து சேர்ந்தது. உடனே ‘அதெல்லாம் பரவாயில்லை’ என்று எழுத மாட்டேன், ஏனென்றால் அது இன்னும் பரவாயில்லை என்று ஆகிவிடவில்லை. அதன் பிறகு நான் யார் வீட்டிலும் கரண்டியைத் தொட்டதில்லை. ஆறும். ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறும்வரை இழுத்துப் பார்க்காதே.

தலைவர் விஷயம். அவர் பேச்சை மீறி மருத்துவமனைக்குப் போன் செய்ததற்கு வருத்தம் தெரிவித்து எழுதித் தரச் சொன்னார். “வருத்தம் இருந்தாத்தானே சார் எழுத முடியும்” என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. உன்னோடு கடிதம் எழுதிப் பழகியதில் தொற்றிக்கொண்டிருக்க வேண்டும். மெஷினைத் தொடக் கூடாது என்று என்னைக் குளிர்பெட்டி அறைக்கு அனுப்பினார். அங்கே உட்கார்ந்து டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டே யோசித்தேன். இத்தனை வருஷமும் தட்டைப் பட்டைகளை இழுத்து, அது எவ்வளவு பலசாலி என்று எழுதியிருக்கிறோம். எங்கே, எந்தப் பக்கம், எதனால் அது தோற்றுப்போகிறது என்று ஒருவரும் சரியாக எழுதவில்லை. குழாயைக் குழாயாகவே வைத்து, உள்ளே திரவத்தை நிரப்பி, வெளியிலிருந்து ஒரு முள்ளை உரசவிட்டுப் பார்க்க வேண்டும். அதைச் செய்யப்போகிறேன் என்று அவரிடமே போய்ச் சொன்னேன்.

“யாரு கேட்டாங்க இதை?” என்றார்.

“படுத்துக்கிட்டிருக்கிறவங்க” என்றேன்.

அனுமதி தரவில்லை. டாக்டரம்மாவும் நானும் சேர்ந்து அவருக்கு மேலே இருக்கிற குழுவுக்கு எழுதியிருக்கிறோம். உன் அண்ணன் அந்த மனுவை மூன்று தடவை படித்துவிட்டு ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்தார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கும் விதம். உன்னிடம் நேராகக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேட்காவிட்டால் எனக்கு எழுது.

கவுண்ட்டர் நாற்காலியில் உட்காராதே.

அண்ணி


ஜனவரி 16

அண்ணிக்கு,

குழு அனுமதி கொடுத்ததாக அண்ணன் போனில் சொன்னான். நீங்கள் சொல்வதற்கு முன்னால் அவன் சொல்லிவிட்டான் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பெருமை தாங்கவில்லை அவனுக்கு. கூடவே, தொண்டையைச் செருமிக்கொண்டு, “பரீட்சைத் தலைவலின்னு சொல்லியிருக்கக் கூடாதுடா” என்றான். கேட்டுக்கொண்டேன். ஆனால் ஸ்கூலில் வந்த அந்தத் தலைவலி முழுக்கப் பொய்தான் என்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

என் செய்தி. டாக்டரம்மா எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். கம்பெனி டாக்டர் தானும் ஒருமுறை, இந்தத் தடவை நாடியோடு நிறுத்தாமல், பரிசோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். என்மேல் சொன்ன குற்றம் தவறு என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்திருக்கிறது. ‘தவறு’ என்ற சொல்லுக்குப் பதிலாக இரண்டு முறை வேறு சொல் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு முறையும் திருப்பி அனுப்பினேன்.

பணிமனை மைதானத்தில் பரீட்சை ஓட்டம் வைத்தார்கள். பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். உடம்பை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் ‘பட்’டென்று சொல்லவில்லை. வண்டி கோட்டுக்குள் போய் நின்றது. சில்லறை ஒரு விசில் கொடுத்தார் பாருங்கள், வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

அப்புறம் மேனேஜரிடம் போய், ஒன்பதாம் நம்பர் வேண்டாம், வெளியூர் வண்டி வேண்டும் என்று கேட்டேன். “லாங் ரூட் ஆம்பளைங்களுக்கே முதுகு போயிடும்மா” என்றார். “என் முதுகு ஏற்கெனவே ஒரு தடவை போயிட்டு வந்தாச்சு சார். அதுக்கு வழி தெரியும்” என்றேன். டாக்டரம்மாவின் தாளை நீட்டினேன். நடுவழியில் ஓய்வு, பாரம் தூக்கக் கூடாது, இந்த இரண்டைத் தவிர அதில் தடை எதுவும் இல்லை. ரொம்ப நேரம் படித்தார். அலாரம் அடித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார்.

எந்த வெளியூர் என்று கேட்கிறீர்களா? உங்கள் ஊர்தான். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் இங்கிருந்து எடுக்கிறேன். முன்சீட்டில் அம்மா வருகிறாள். டிக்கெட் வாங்கித்தான் ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் உங்கள் ஊர் நிலையத்துக்கு வந்துவிடும். மூன்றாவது மேடை. சாயங்காலம்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

அண்ணனை வேலைக்குப் போகச் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் சீக்கிரம் வீட்டுக்கு வந்து சமையுங்கள். எனக்கு நீங்கள்தான் பரிமாற வேண்டும். லேபிலிருந்து நேராக வந்தாலும் சரி. பசியோடு வருவேன்.